இருபத்தோராவது கேள்வி

ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாரென்று கண்டுபிடியுங்கள். இருபத்தொரு கேள்வி வரை கேட்கலாம். ஆம், இல்லை என்பதைத் தாண்டி என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. துப்பு ஒன்று மட்டும் தருகிறேன்: திருவனந்தபுரத்துக்காரர், எதிரே வந்து உட்கார்ந்த யாரிடமும் தோற்காதவர்.

ஆணா? இல்லை. பெண்ணா? இல்லை. வயது நூறைத் தாண்டியவரா? ஆம். அவசரம் வேண்டாம், இன்னும் பதினெட்டு கேள்வி கையில் இருக்கிறது.

இந்த விளையாட்டு என் கண்டுபிடிப்பு இல்லை. 2000இல் தொடங்கிய கைரளி தொலைக்காட்சியில் 'அஸ்வமேதம்' என்றொரு நிகழ்ச்சி வந்தது. ஊரெல்லாம் பார்க்கும் வினாடி வினாவில் நடத்துகிறவர் கேட்பார், வந்தவர் முழிப்பார். இதில் தலைகீழ். வந்தவர் உலகத்தில் பிறந்த எந்தப் பிரபலத்தையாவது மனதில் ஒளித்துவைத்துக்கொள்வார். கிராண்ட்மாஸ்டர் ஜி. எஸ். பிரதீப் இருபத்தொரு கேள்விக்குள் அந்த ஆளைக் குடுமியைப் பிடித்து வெளியே இழுத்துவருவார். ஆசியாவைச் சேர்ந்தவரா, அரசியலில் இருந்தாரா, இருபதாம் நூற்றாண்டில் இறந்தாரா என்று வேலியைச் சுருக்கிக்கொண்டே வருவார். பதினைந்தாவது கேள்வியில் எதிரே இருப்பவரின் முகம் வெளுக்கும். அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். மற்ற நிகழ்ச்சிகளில் சாம்பியன் எதிர் நாற்காலியில் இருந்து வருவான், ஒருநாள் தோற்றுப் போவான். இதில் நடத்துகிறவரே சாம்பியன். ஒவ்வொரு முறையும் திரும்பி வருவார். பெயரிலேயே அதுதானே இருக்கிறது? குதிரையை அவிழ்த்து விட்டாயிற்று. துணிவிருந்தால் பிடித்துக் கட்டு.

அந்தக் குதிரையின் குளம்படி இன்னும் இந்த ஊரில் கேட்கிறது. தொலைக்காட்சியில் இல்லை, தெருவில். திருவனந்தபுரத்தைப்போல் வினாடி வினாவைச் சோறாக நம்பி வாழும் நகரம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம், ஊர் வழக்கில் பி.எஸ்.சி., பட்டம் என்ற பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேர்ந்துகொண்டு வாழும் இளைஞர்கள் லாட்ஜ் அறைகளிலும் வாசகசாலைத் திண்ணைகளிலும் ரேங்க் ஃபைல் என்ற தேர்வு வழிகாட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'தொழில்வீதி', 'தொழில்வார்த்த' என்று இதற்கென்றே வாரப் பத்திரிகைகள். கூடிப் படிப்பதற்குக் 'கம்பைன் ஸ்டடி' என்று பெயர்.

எங்கள் தெரு வாசகசாலையிலும் ஓர் அணி உண்டு. சாயங்காலம் பத்திரிகை பார்க்கப் போனால் காதில் விழும்.

"மலையாளி மெமோரியல்?"

"1891."

"கையெழுத்து எத்தனை?"

"பத்தாயிரத்து இருபத்தெட்டு."

"யாரிடம் கொடுத்தது?"

"ஸ்ரீமூலம் திருநாள்."

"ஈழவ மெமோரியல்?"

"1896. டாக்டர் பல்பு. பதின்மூவாயிரத்து நூற்று எழுபத்தாறு."

எச்சில் விழுங்கக்கூட இடைவெளி விடுவதில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, அந்த மனுவில் என்னதான் கேட்டார்கள்?" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "வேலைதான் அண்ணா. அன்னைக்கும் அதுதான்."

"சரி, மனுவுக்கு என்ன பதில் வந்தது?"

"அது ஆப்ஷன்ல வராது அண்ணா."

தமிழர்கள் நெஞ்சை நிமிர்த்தவேண்டாம். 1891 மனுவில், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டிய பெரிய உத்தியோகங்களையெல்லாம் பரதேசிகள் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று எழுதியிருந்தார்களே, அந்தப் பரதேசிகளில் முக்கால்வாசி நம்மூர்ப் பிராமண உத்தியோகஸ்தர்கள்தான். பல்பு கதை இன்னும் கசப்பு. சென்னையில் மருத்துவம் படித்துத் தேறி வந்தவருக்குத் திருவிதாங்கூர் வேலை தரவில்லை. சாதி குறுக்கே நின்றது. மைசூர் வேலை கொடுத்தது. ஆக, வேலை கேட்டு எழுதிய மனுவின் கையெழுத்து எண்ணிக்கையை, நூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு அப்புறம், வேலை கேட்கிற பிள்ளை மனப்பாடம் செய்கிறான். அந்த எண்ணைச் சரியாகச் சொன்னால் மதிப்பெண் உண்டு, மதிப்பெண் சேர்ந்தால் ரேங்க் உண்டு. ரேங்க் வந்தால்? தலைமைச் செயலகத்து வாசலில் மனுவோடு உட்காரலாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கே ரேங்க் பட்டியலுக்குக் காலாவதித் தேதி உண்டு, மில்மா பால் பாக்கெட்டுக்கு இருப்பதுபோல. சீருடைப் பணி என்றால் ஓராண்டு, மற்றதென்றால் அதிகம் போனால் மூன்று. அதற்குள் துறைகள் காலியிடத்தைச் சொல்லவேண்டும், ஆணையம் ஆணை அனுப்பவேண்டும். துறை வாய் திறக்காவிட்டால் பாக்கெட் திரிந்துபோகும். எழுதித் தேறி, ஓடித் தேறி, உயரமும் மார்பும் அளந்து கொடுத்து, பட்டியலில் பெயரையும் பார்த்தவன் திரும்ப முதல் பக்கத்தைத் திறக்கவேண்டும்: "கேரளத்தின் மிக நீளமான நதி? பெரியாறு, 244 கிலோமீட்டர்." அதற்குள் வயது வரம்பு தாண்டியிருந்தால் அதுவும் இல்லை.

2021 பிப்ரவரியில் பட்டியல்காரர்கள் செயலகத்துக்கு முன்னால் முட்டிபோட்டு ஊர்ந்தார்கள். 2024இல் சிவில் போலீஸ் ஆபீசர் பட்டியலில் இருந்தவர்கள், லத்தி பிடிக்கவேண்டிய பிள்ளைகள், தார்ச் சாலையில் உருண்டார்கள். 2025 ஏப்ரலில் பெண் போலீஸ் பட்டியலுக்குக் காலம் முடிய இருந்தபோது பெண்களும் அதே தரையில் முட்டிபோட்டார்கள். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். சாமிக்கு முன்னால் செய்கிற நேர்ச்சைகளையெல்லாம் ஒரு மதில் சுவருக்கு முன்னால் செய்தார்கள். சாமியாவது கனவில் வரும்.

2020இல் திருவோணத்துக்கு முந்தின நாள், காலாவதியாகிப்போன பட்டியல் ஒன்றில் இருந்த இளைஞன் ஒருவன் உயிரை விட்டான். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அதையும் யாராவது ரேங்க் ஃபைலில் சேர்த்து, ஆண்டு, நாள், நான்கு ஆப்ஷன் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான்.

பதில் தெரிந்தவர்களின் கதை இது. பதில் தெரியாமலே சாம்பியன் ஆனவர்களும் உண்டு. 2018 ஜூலை 22இல் நடந்த காவலர் தேர்வில் முதலிடமும் இரண்டாமிடமும் இருபத்தெட்டாமிடமும் பெற்ற மூவரும் திருவனந்தபுரம் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை பாடம் சொன்ன கல்லூரி அது. அந்தக் காலத்தில் மகாராஜா கல்லூரி என்று பெயர். மூவரும் அப்போதைய ஆளுங்கட்சி மாணவர் சங்கத்தின் முக்கியஸ்தர்கள். கலைமகள் திடீரென்று கட்சியில் சேர்ந்த மர்மம் ஓராண்டு வரை யாருக்கும் விளங்கவில்லை. 2019 ஜூலை 12இல் கல்லூரிக்குள் சக மாணவன் ஒருவனைக் கத்தியால் குத்திய வழக்கில் இவர்கள் பெயர் வந்தபோதுதான் ரேங்க் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்கள். தேர்வு நடந்த நேரத்தில் முதல் ரேங்குக்கு 96 குறுஞ்செய்தி, இரண்டாம் ரேங்குக்கு 78 என்று பி.எஸ்.சி.யே கணக்குச் சொன்னது. கையில் ஸ்மார்ட் வாட்ச், வெளியே கேள்வித்தாளோடு நண்பர்கள், அதில் ஒருவர் போலீஸ்காரர் என்பது குற்றச்சாட்டு. போலீஸ் ஆவதற்கு எழுதும் தேர்வில் பதில் அனுப்பியது போலீஸ். குற்றப்பிரிவு அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது சாம்பியன்களுக்குப் பதில் வரவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வாங்கிவிட்டார்களே, பாவம்.

நம்ம ஊர் மட்டும் யோக்கியமா? 2019 செப்டம்பரில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதியவர்களில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மட்டும் மேதைகள் கூட்டம் கூட்டமாக முளைத்தார்கள். சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் விடைத்தாளைக் குறித்துவிட்டு, வழியில் வேறு பேனாவால் நிரப்பிக்கொண்ட மேதைமை அது. 99 பேருக்கு ஆயுள் தடை. அங்கே கடிகாரம் படித்தது, இங்கே மை படித்தது. சேதுவுக்கும் அனந்தபுரிக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் அமெரிக்காக்காரன் நமக்கு மூத்தவன். அங்கே 1956இல் 'ட்வென்டி ஒன்' என்றொரு நிகழ்ச்சி. இருபத்தொன்று என்றுதான் பெயரே. சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் வாரா வாரம் திரும்பி வந்து ஜெயித்தார், 1,29,000 டாலர் வரை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசிப்பார், நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: பதிலை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள், யோசிப்பதுபோல் நடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவாவது செய்தார்.

நேர்மையாக ஜெயித்தவனும் அங்கே உண்டு. 2004இல் 'ஜெப்பர்டி'யில் கென் ஜென்னிங்ஸ் தொடர்ந்து 74 ஆட்டம் ஜெயித்தார். எழுபத்தைந்தாவதில் அவரைக் கவிழ்த்த கேள்வி என்ன தெரியுமா? ஆண்டில் நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் 70,000 தற்காலிக ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனம் எது? வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் கம்பெனி அது. அவர் கூரியர் கம்பெனி பெயரைச் சொல்லித் தோற்றார். எழுபத்துநான்கு முறை உலகத்தையே கரைத்துக் குடித்தவன் தற்காலிக ஊழியரிடம் இடறி விழுந்தான். எங்கள் ஊரில் கேட்டிருந்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையன்கூடப் பதில் சொல்லியிருப்பான். தற்காலிக ஊழியர் எங்கே இருப்பார்? கட்சி ஆபீஸ் பட்டியலில் இருப்பார். 2022 நவம்பரில் திருவனந்தபுரம் மாநகராட்சியில் 295 தற்காலிக இடங்களுக்கு ஆள் பட்டியல் தரும்படி அப்போதைய ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு மேயர் பெயரில் எழுதிய கடிதம் ஒன்று வெளியே வந்தது. அது நான் எழுதியதே இல்லை என்றார் மேயர். விசாரணைக்கு மேல் விசாரணை. யார் எழுதியது என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்றுகூட ஊருக்குப் பதில் கிடைக்கவில்லை. இதைக் கிராண்ட்மாஸ்டரிடம் கொடுத்திருந்தால் ஏழு கேள்வியில் முடித்திருப்பார்.

இருபத்தொன்றின் மேல் இந்த ஊருக்கு ஒரு மோகம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு வெளியூரில் 19 வேட்டு, சொந்த எல்லைக்குள் 21. இன்றைக்கு கேரள பி.எஸ்.சி.யில் தலைவரையும் சேர்த்து 21 பேர், நாட்டிலேயே பெரிய ஆணையம். எங்களைவிடப் பெரிய மாநிலங்கள் இதில் பாதிப் பேரைக்கூட வைத்துக்கொள்ளாமல் தேர்வு நடத்துகின்றன. இங்கே கூட்டணிக் கட்சிகள் எத்தனையோ அத்தனை நாற்காலி வேண்டும் அல்லவா? வருகிற ஆட்சி எதுவானாலும் இந்தக் கணக்கில் மட்டும் இரண்டு முன்னணிக்கும் தகராறு இல்லை.

2025 பிப்ரவரி 19இல் அமைச்சரவை இந்த 21 பேருக்கும் சம்பளத்தைக் கூட்டியது. தலைவருக்கு மாதம் சுமார் மூன்றரை லட்சம், உறுப்பினர்களுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். அன்றைக்குச் செயலகத்தின் வாசலில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா தொழிலாளர்கள் உட்கார்ந்து பத்தாவது நாள். அவர்கள் கேட்டது மாதம் 21,000 ரூபாய். வாங்கிக்கொண்டிருந்த மதிப்பூதியம் 7,000. நாளொன்றுக்கு 233 ரூபாய்.

உள்ளே 21 பேர், வெளியே 21 ஆயிரம். உள்ளே இருந்த இருபத்தொன்றுக்கு ஒரே கூட்டத்தில் பதில் கிடைத்தது. வெளியே இருந்த இருபத்தொன்றுக்குக் கிடைத்தது நான்கு ஆப்ஷன். ஊதியத்தை உயர்த்தவேண்டியது யார்? (அ) மத்திய அரசு (ஆ) மாநில அரசு (இ) இருவரும் (ஈ) யாரும் இல்லை. மத்திய அரசு (ஆ) என்றது. மாநில அரசு (அ) என்றது. சரியான விடை (ஈ) என்பது தார்பாய்க்குக் கீழே இருந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்தத் தார்பாயும் நிலைக்கவில்லை. மழை கொட்டிய இரவில் போலீஸ் வந்து அவிழ்த்துவிட்டது. நடைபாதையை மறைக்கிறதாம். இந்த ஊரில் நடைபாதையை எது எதுவோ மறைக்கிறது. கட்சிக் கொடிமரம் மறைக்கிறது, தலைவர்களின் கட்அவுட் மறைக்கிறது. பெண்களின் தலைக்கு மேலே விரித்த பிளாஸ்டிக் மட்டும் போக்குவரத்துக்கு இடைஞ்சல். அதற்கப்புறம் குடையும் மழைக்கோட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மத்திய இணையமைச்சர் வந்தார். யார்? சுரேஷ் கோபி. ஏஷியாநெட்டில் 'நிங்கள்க்கும் ஆகாம் கோடீஸ்வரன்' நடத்தியவர். ஒரு கோடிக்குக் கேள்வி கேட்டவர். கோடீஸ்வரன் நடத்தியவர் 233 ரூபாய்க்காரிக்குக் குடை கொடுத்தார். குடை கொடுத்ததோடு முத்தமும் கொடுத்தாரா என்று இடதுசாரிப் பக்கத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் கேட்டார். தொழிலாளி வர்க்கத்தின் முன்னணிப் படை கேட்ட கேள்வி இது. ஊதியம் எவ்வளவு என்ற கேள்வி அவருக்குச் சிலபஸில் இல்லை போலிருக்கிறது. அந்த மாநில அரசு, இந்த மத்திய அரசு. நடுவில் ஒரு குடை. லைஃப்லைன் என்பது அதுதான்.

ஐம்பதாவது நாளில் பெண்கள் தலைமுடியை அறுத்தார்கள். கேரளத்தில் பெண்ணின் முடி எப்படிப்பட்ட பெருமை என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சி வலிக்கும். எண்ணெய் வைத்து, துளசிக் கதிர் சொருகி, பாட்டும் சினிமாவும் நூறாண்டாகக் கொண்டாடிய முடி தார்ச் சாலையில் கிடந்தது. உள்ளே ஃபைல் புரளும் சத்தம்கூட வரவில்லை.

அக்டோபர் கடைசியில் ஆயிரம் ரூபாய் கூட்டினார்கள். 260 நாளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்ததற்கு அந்த ஆயிரத்தைப் பங்கு போட்டால் ஒரு நாளுக்கு நான்கு ரூபாய் தேறாது. நவம்பர் முதல் தேதி இராப்பகல் போராட்டத்தை முடித்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கேரளப் பிறவி நாள். பி.எஸ்.சி.யும் அதே நாளில்தான், 1956இல் பிறந்தது. 2025இல் அந்த நாளுக்கு இன்னொரு பெருமையும் சேர்ந்தது. செயலகத்தின் முதுகுப்புறம் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் மேடை போட்டு, கேரளத்தில் அதீத வறுமை ஒழிந்துவிட்டது என்று முதலமைச்சர் அறிவித்தார். நட்சத்திரங்களை அழைத்திருந்தார்கள். மம்மூட்டி, மோகன்லால், நம்ம கமல் ஹாசன் மூவருக்கும் ஆஷாக்கள் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள்: எங்களுக்கு வறுமை ஒழியவில்லை, அந்த மேடைக்குப் போகாதீர்கள். மம்மூட்டி மட்டும் வந்தார். அஸ்வமேதத்தை ஒளிபரப்பிய கைரளிக்கு அவர்தான் தலைவர். கட்டடத்தின் முதுகில் வறுமை ஒழிந்தது. வாசலில் போராட்டப் பந்தல் பிரிந்தது. நடுவில் ஒரு கட்டடம்தான் குறுக்கே.

இன்னும் கண்டுபிடிக்கவில்லையா? சரி, மிச்சக் கேள்விகளையும் கேளுங்கள். கட்சிக்காரரா? இல்லை. எல்லாக் கட்சியோடும் ஒத்துப்போகிறவரா? ஆம். வெள்ளையாக இருப்பாரா? ஆம், ஆண்டுதோறும் பூசிக்கொள்வார். வெள்ளைக்காரனோடு சம்பந்தமுண்டா? ஆம். தலை வணங்கியதுண்டா? இல்லை. காது உண்டா? இல்லை. வாசல் உண்டா? ஆம்.

விதியை மீறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆளைத்தான் நினைக்கவேண்டும், நான் கட்டடத்தை நினைத்தேன். வில்லியம் பார்ட்டன் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் கட்டி, 1869இல் திறந்த தலைமைச் செயலகம். அப்போது ஹஜூர் கச்சேரி. எதிர்ச் சந்திப்பில் சிலையாக நிற்கிறார் நம்ம கும்பகோணத்து மாதவ ராவ், திவானாக இருந்தவர். அந்த இடத்துக்கே ஸ்டாச்சு என்றுதான் பெயர். கல்லாகி நிற்பதுதான் இந்த வட்டாரத்தில் மரியாதை என்று அன்றைக்கே புரிந்துகொண்ட புண்ணியவான்.

ஜென்னிங்ஸ் தோற்றது ஏன்? பதில் சொன்னார், அதனால் தோற்றார். வான் டோரன் சிக்கியது ஏன்? பதில் சொன்னார். ரேங்க் பட்டியல்காரனும் பதில் சொல்லிச் சொல்லித்தான் நடைபாதைக்கு வந்தான். பதில் சொல்லாதவனை யார் தோற்கடிப்பது? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிக்கொடுத்தார்கள் நமக்கு. இங்கே வாயில்லாத கட்டடம் ஒன்றரை நூற்றாண்டாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. 2013 ஆகஸ்டில் சோலார் ஊழலுக்காக இடது முன்னணி இதே வாசலை முற்றுகையிட்டபோது, ஊரெல்லாம் ஆள் திரட்டி, சமையல்கட்டு போட்டு, பதில் சொல்லாமல் விடமாட்டோம் என்று முழங்கியது. 2016இல் முழங்கியவர்கள் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது, அவர்கள் காதும் கூடவே சாத்திக்கொண்டது. அதற்கு முன்னால் உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்ததும் காது திரும்ப முளைத்தது, தரையில் உட்கார்ந்தார்கள். கட்டடத்துக்கு இதெல்லாம் நாற்காலி மாற்றிப் போடும் வேலை. சாம்பியன் மாறுவதில்லை.

எங்கள் வார்டுக்கு ஓர் ஆஷா வருவார். தோளில் ஒரு பை, பைக்குள் பதிவேடு, பதிவேட்டுக்குள் ரப்பர் பேண்டு போட்ட பேனா. வீட்டு வாசலில் நின்றபடியே கேட்பார். யாருக்காவது காய்ச்சல் உண்டா? எத்தனை நாளாக? தண்ணீர் கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறீர்கள்? பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா? பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம், தடுப்பூசிக்கு எப்போது வருகிறாள்? நான் எண்ணிப் பார்த்ததில்லை, இருபத்தொன்றுக்குக் குறையாது. ஒவ்வொன்றையும் கேட்டு, காத்திருந்து, எழுதிக்கொண்டுதான் அடுத்த படி இறங்குவார். இந்த ஊரில் பதில் வேண்டும் என்பதற்காகவே கேள்வி கேட்கிற ஒரே கிராண்ட்மாஸ்டர் அவர்தான். பெரிய வீட்டு நாய் குரைத்தாலும், குடிகாரன் திட்டினாலும், எந்த வீடும் இதுவரை அவருக்குப் பதில் சொல்லாமல் அனுப்பியதில்லை.

போராட்டம் முடிந்த பிறகு ஒருநாள் வந்தார். காதோரம் முடி குட்டையாக, சீப்புக்குப் படியாமல் நின்றது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"சேச்சி, வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டேன்.

"வீடு பூட்டியிருந்தது என்று எழுதுவோம் அண்ணா. மறுபடி போவோம்."

"ஆள் உள்ளே இருந்துகொண்டே திறக்காவிட்டால்?"

பேனா கொஞ்ச நேரம் தாளின் மேல் நின்றது. பிறகு என் கேள்வியைத் தள்ளிவிட்டு அவர் கேள்விக்குப் போனார்.

"காய்ச்சல் யாருக்காவது உண்டா?"